காகத்துக்கு அடிக்காத போன்

வெள்ளவத்தை. சனிக்கிழமை இரவு.

கனடாவில் இருக்கும் மகன் கள்ளருக்குப் பயந்து மதில் பக்கம் பூட்டுவித்த சென்சருக்குக் கள்ளனும் காகமும் ஒன்றுதான். என் கணவர் காலமானதிலிருந்து தினமும் மத்தியானம் மதிலில் காகத்துக்குச் சோறு வைக்கிறேன். உடனே அங்கே நடுச்சாமத்தில் மகனின் போன் அலறும். எனக்குப் போன் எடுப்பான்.

“அம்மா, திரும்பவும் உங்கட காகம்! நான் நித்திரை கொள்ளுறேல்லையோ?”

“காகமில்லையடா, கொப்பர். அப்பா உன்னோட கதைக்க வந்திருக்கிறார்.”

சிரிப்பான். சாப்பிட்டீங்களோ என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பான்.

இன்று காலை சென்சர் பூட்டின மெக்கானிக் பாஸ் வந்து அதை மதிலிலிருந்து கேட் பக்கம் திருப்பிவிட்டார். எதற்கெடுத்தாலும் அலறும் அதன் பயத்தையும் கொஞ்சம் குறைத்தாராம்.

மத்தியானம் காகம் வந்து வயிறாரத் தின்றது. போன் அடிக்கவில்லை. பிள்ளை நித்திரை கொள்ளட்டும்.

நாளைக்குச் சோற்றைக் கேட் அடியில் வைக்கக்கூடாது; வைத்தால் சென்சர் பார்த்துவிடும், அவன் எனக்குப் போன் எடுப்பான். எனக்கு மறதி கூடிவிட்டது, அதுதான் எழுதி வைக்கிறேன்.