முழங்காலுக்கு முழு மார்க், எனக்கு மூன்று

என் செல்லச் சின்னவளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் புது முழங்கால் எல்லோரையும் விட நலம். அம்மாவுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அண்ணன் உன்னிடம் புலம்பியிருப்பான். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களைக் கூப்பிட்டு, வலி எப்படி, மனசு எப்படி, ஆபரேஷன் திருப்திதானா என்று கேட்டுப் பத்துக்கு மார்க் வாங்குகிறார்களாம். போனை எடுத்தது உன் அண்ணன். நான் அடுப்படியில்தான் நிற்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க மேடம், எல்லாத்துக்கும் பத்து போட்டுக்கோங்க" என்கிறான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து மாடி ஏறாதே, தெருவில் இறங்காதே என்று ஒரே பாட்டு. கார் சாவியை வேறு தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். இந்த ஏரியாவில் பாதிப் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா டிரைவிங் ஸ்கூல்" என்று என்னையே கேட்கிறான். காலை வெட்டித் தைத்துக்கொண்டது சோபாவில் நீட்டி வைக்கவா?

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். கேள்வி கேட்கிற நர்ஸ், "நேத்தே பதில் வந்துடுச்சேம்மா" என்றாள். "பதில் சொன்னவனுக்கு ரெண்டு முழங்காலும் பழசுதான், என்கிட்ட கேளு" என்றேன். வலிக்கும் நடைக்கும் முழு மார்க் கொடுத்தேன், பொய் சொல்வானேன். மனசு சந்தோஷமா என்றாள், மூன்று என்றேன். நிமிர்ந்து பார்த்து, தூக்கம் வரலையா, அழுகை வருதா என்று மெதுவாகக் கேட்டாள். "அழுகை இல்லம்மா, ஆத்திரம். அதுக்கு உன் தாள்ல இடம் இருக்கா?" என்றதும் சிரித்துவிட்டு, ஓரத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "அருமையா உட்கார்ந்திருக்கும்மா" என்றார். "அது உட்கார்ந்திருக்கு சார், அதோட சேர்த்து என்னையும்ல உட்கார வச்சுட்டாங்க" என்றேன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளை வண்டியைத் தொடவே விடுவதில்லை என்றும் சொன்னேன். அவர் என் பாதத்துக்கு எதிரே உள்ளங்கையை நீட்டி, இதுதான் பிரேக் என்று நினைத்து மிதிங்க என்றார். மிதித்தேன், தன் சுழல் நாற்காலியோடு பின்னால் உருண்டு போனார். "தாராளமா ஓட்டலாம், யார் வேண்டாம்னது?" என்றார். பிள்ளைதான் என்றேன். அவனிடம் நானே பேசட்டுமா என்றதற்கு, என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் சாவிக்குக் கை நீட்டினேன். கத்தினான். அப்புறம் "ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கும் மனசு இளகியது, ஆனால் கையை மடக்கவில்லை. "பயப்படு, வேண்டாங்கல. உன் பயத்துக்கு என் காலைக் கட்டிப்போடாதே" என்றேன். கொடுத்துவிட்டான்.

நேற்று முதல் வகுப்பு. மருந்துக்கடைப் பெண், எனக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவள். பதற்றத்தில் ஆக்சிலேட்டரை ஓங்கி அழுத்தி நேரே ஒரு சுவரைப் பார்த்து வண்டியை விட்டாள். சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் பக்கம் வைத்திருக்கிற பிரேக்கை மிதித்தேன் பார், வண்டி அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. அவள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டாள், நான் வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது அந்த நர்ஸ் வந்து கேட்கட்டும்.

நீயும் இனிமேல் போனில் "ரெஸ்ட் எடும்மா" என்று ஆரம்பிக்காதே, வைத்துவிடுவேன். குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. அங்கே கடைக்குப் போகக்கூட மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கிறாயாமே, என் வயிற்றில் பிறந்துவிட்டு வெட்கமாக இல்லையா? முதலில் லைசென்ஸ் எடு.

நாளைக்குக் காலையிலும் வகுப்பு வைத்திருக்கிற,
உன் அம்மா.