ஒற்றைக் காதுக்கு ஒரு முழுப் பாட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை விவரமாக எழுது, நல்லாத்தான் இருக்கேன்பா என்று போனில் நீ ஒப்பிக்கிற வரியை நான் நம்புவதாக இல்லை. இதை ஆய்வகத்தில் மதிய இடைவேளையில், சோதனைக்கு வந்த தண்ணீர்ப் புட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன், முடித்ததும் இங்குள்ள ஸ்கேனரில் ஏற்றி இன்றைக்கே உன் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவேன். வீட்டில் வைத்து எழுத முடியாது, ஏன் என்று போகப்போகத் தெரியும். கையெழுத்து கோணலாக இருந்தால் அது வயதினால் இல்லை, சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுவதால். ஆனால் நல்ல செய்திக்குப் போகிற வழியில் ஒரு கெட்ட செய்தி படுத்திருக்கிறது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும், பதறாமல் படி.

உன் அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. ஏழு மாதம் முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனதே, அது போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காது மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது, வலது காது கெட்டியாக இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். முதல் வாரமே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். ஏன் வரவில்லை என்பதை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் நான் உட்காருவது அவளுக்கு இடது பக்கம். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள் ஏதோ கேட்டேன், பதில் இல்லை, இன்னொரு முறை கேட்டேன், அப்போதும் இல்லை. மூன்றாவது முறை கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. அவளுடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் போகாததற்காக முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, சரி, முறுக்குவதில் யார் பெரியவர் பார்த்துவிடலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நான்கு மாதம். ஒரு நாள் சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் ஒரு லாரி அத்தனை பெரிய ஹாரன் அடித்தும் அவள் திரும்பாமல் நடந்தாள், கையைப் பிடித்து இழுத்தேன், அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். யார்கிட்ட சொல்றது, நீங்கதான் பேசறதையே நிறுத்திட்டீங்களே என்றாள். மறுநாளே காது மருத்துவரிடம் கூட்டிப் போனேன். உன்னிடம் சொல்லக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், பிள்ளை அங்க தனியா உக்காந்து அழும், நீங்க சும்மா இருங்க என்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா திரைச்சீலை தைக்கிற பட்டறையில் எட்டுத் தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடுவது உனக்குத் தெரியும். அந்த இரைச்சலில் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு பக்கத்து மெஷின்காரி பேசுவதைப் பிரித்துக் கேட்க முடியாது. மற்றவர்கள் சிரித்தால் இவளும் சும்மா சிரித்து வைப்பாளாம். பட்டறை முதலாளியம்மாவிடம் இந்த மாதத்தோடு நின்னுக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பாட்டாவது கேட்டுக்கொண்டே தைக்கலாமே என்று, சட்டையில் குத்திக்கொள்கிற, தீப்பெட்டி அளவு பாட்டுக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் என் கணக்கு கவிழ்ந்தது. அவளுக்குப் பிடித்த பழைய பாட்டுகளில் குரல் ஒரு காதுக்கும் வாத்தியங்கள் இன்னொரு காதுக்கும் பிரிந்து போகுமாம். வலது காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, பாட்டு நல்லாத்தான் இருக்கு, பாடறவர் மட்டும் இன்னைக்கு லீவு போல என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிப் பாட்டுக்கு எதுக்கு முழுச் செலவு, திருப்பிக் குடுத்துடுங்க என்றாள். பெட்டியைப் பிரித்துவிட்டால் வாங்கமாட்டார்களாம். கடைக்காரன் அதைச் சொன்ன தோரணையையும் நான் குறித்து வைத்திருக்கிறேன், அந்தத் தெருப்பக்கம் இனி போகமாட்டேன்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்குக் கொடுக்கிற கருவி உலகத்தில் இல்லாமலா போகும் என்று சனிக்கிழமை ஸ்மார்ட்போன் கடைக்குப் போனேன். நான், பட்டன் போனைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்று உன்னோடு இரண்டு வருடம் சண்டை போட்டவன். சிரிக்காதே. ஆய்வகத்துப் பஞ்சில் ஒரு உருண்டை எடுத்துப் போய், கடை நடுவில் நின்று இடது காதை அடைத்துக்கொண்டு, அவளுடைய பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி ஹெட்போனில் கேட்டேன். அங்கே வேலை செய்கிற பெண் ஒவ்வொரு போனாக எடுத்து, சார் இதுல கேமரா பிரமாதமா இருக்கும் என்றாள், அம்மா நான் காதுக்கு வாங்க வந்திருக்கேன், கண்ணுக்கு இல்லை என்றேன். நல்ல பெண், கோபப்படவில்லை. இரண்டு பேருமாகப் போனுக்குள் இறங்கித் தேடினோம். கேட்கும் திறன் என்று ஒரு பக்கம், அதற்குள் இரண்டு ஒலியையும் ஒன்றாக்கு என்று ஒரு சின்னப் பொத்தான்! தட்டியதும், அதுவரை வராத குரல் என் வலது காதுக்குள் வந்து உட்கார்ந்தது. கடையில் நான் கத்திய கத்தலில் வாசலில் நின்ற காவலாளி உள்ளே ஓடிவந்தார். அப்புறம் பார்த்தால் அந்தப் பொத்தான் எல்லாப் போனிலும் இருக்கிறது, யாரும் திறந்து பார்க்காத அறையில். மூணு வருஷமா விக்கறேன் சார், இது இருக்கறதே எனக்குத் தெரியாது என்றாள் அந்தப் பெண். அவள் எடுத்துக் காட்டிய ஐந்து போனையும் வரிசையாக வைத்து, எண் போட்டு, எது எதென்று தெரியாமல் மாற்றிக் கொடுக்கச் சொல்லி, தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பது போலவே சோதித்தேன். விலை குறைந்ததில் பின்னால் ஒரு இரைச்சல், விலை அதிகமானதில் பெருமை மட்டும்தான் அதிகம், நடுவில் இருந்த நான்காம் எண் தெளிவாக இருந்தது.

மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு கட்டம்: வேறு வீட்டில் இருக்கும் உறவினர் அல்லது உடன் வேலை செய்பவர் ஒருவரின் பெயரும் எண்ணும், உடனே கூப்பிட்டு விசாரிப்போம். பேனா நின்றுவிட்டது. எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆய்வகத்து ‘சென்ட் பாட்டில்’, உடம்பெல்லாம் வாசனை பூசிக்கொண்டு வந்து தண்ணீரின் நாற்றத்தை முகர்ந்து பார்க்கிற மேதை, அவன் பெயரை எழுதுவதைவிட நான் பேனாவை விழுங்கிவிடுவேன். உன் மாமாவோடு பேச்சு இல்லை. உன் எண் வெளிநாட்டு எண், செல்லாதாம். ஐம்பத்து மூன்று வயதில், இவன் நல்லவன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உன் சித்தப்பாவின் எண்ணை எழுதினேன். ஒன்பது வருடம் முன்பு எல்லார் நடுவிலும், அண்ணனுக்குத் தண்ணி குடுத்தா சோதிச்சு முடிக்கறதுக்குள்ள தாகமே அடங்கிடும் என்று சொல்லிச் சிரித்தானே, அன்றோடு முறித்துக்கொண்டேன். அந்த எண்ணை மறக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே மனப்பாடமாகியிருந்தது.

அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள், இவரைத் தெரியுமா என்று என் பெயரைச் சொன்னாள். மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தான்.  அப்புறம், தெரியும், என் கூடப்பிறந்த அண்ணன், அவர் தவணை கட்டாம விட்டார்னா அதுக்கப்புறம் உலகத்துல எவனும் கட்டமாட்டான்னு எழுதிக்கோம்மா என்றான். யாருக்கு வாங்கறார் என்று கேட்டான். நான் போனை வாங்கி, அண்ணிக்குடா, ஒரு காது போயிடுச்சு என்றேன். எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டான். இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து நிற்கிறான், தலை பாதி நரைத்திருக்கிறது. முழுப் பணத்தையும் நானே கட்டுவேன் என்று அவனும், ஒரு காசு வாங்கமாட்டேன் என்று நானும் கடையில் போட்ட சண்டையைப் பார்த்து, சார் நீங்க நிஜமாவே அண்ணன் தம்பிதான், விசாரணை முடிஞ்சுது என்று அந்தப் பெண் முத்திரை குத்திவிட்டாள். போன் என் தவணையில். தைக்கும்போது நழுவாமல் தலையோடு சேர்ந்து நிற்கிற ஹெட்போன் அவன் வாங்கியது. அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே. கோபத்தை ஒத்திவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை உன் அம்மா அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொல்ல ஆரம்பித்தாள், அப்படி ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. மெஷினில் உட்கார்ந்து பாட்டைப் போட்டாளாம், குரலும் வந்ததாம், வயலினும் வந்ததாம், எல்லாம் ஒரே காதில். தைத்துக்கொண்டே தன்னை அறியாமல் கூடப் பாட ஆரம்பித்திருக்கிறாள், காதை மூடியிருப்பதால் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறோம் என்றே தெரியவில்லை. கடைசி மடிப்பைத் தைத்து, நூலை வெட்டி, நிமிர்ந்து பார்த்தால் மற்ற ஏழு மெஷினும் நின்றுபோயிருக்கிறது. எல்லாரும் இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றியிருக்கிறாள். வலது பக்கம் இருந்தவள், அக்கா நிறுத்திட்டீங்களே, அடுத்தது என்ன என்று கேட்டாளாம். முதலாளியம்மா வந்து, மாசக் கடைசிதான் நெருங்கிடுச்சே, உன் கணக்கை முடிச்சுடட்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் எதுக்கு, அடுத்த மாசத் துணியையும் எனக்கே வெட்டி வைங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போ, போய்விட்டு எனக்குச் சொல். யார் மேலாவது கோபம் வந்தால் மூன்றாவது முறையும் கேட்டுப் பார், இந்த விஷயத்தில் அப்பாவைப் பின்பற்றாதே. நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. முக்கியமாக ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அம்மா அந்தப் போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவாள், காது விஷயத்தை அன்றைக்குத் தானே சொல்லப்போகிறாளாம். இப்போதுதான் முதல்முறை கேட்பது போல இரு. உனக்கு நடிப்பு சுத்தமாக வராது, அதனால் இன்றைக்கே கண்ணாடி முன்னால் நின்று பழகத் தொடங்கு.

ஆசிகளுடன்,
உன் அப்பா