கோணியில் முந்நூற்றுப் பன்னிரண்டு செல்

18.8.2025

கவியா அப்பாவுக்கு, பொன்னி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா?

தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்த ஆரம்பிப்பீர்கள், மீதியைக் கேட்கமாட்டீர்கள். உங்களோடு வேலை செய்யும் பன்னீர்செல்வம் அண்ணன் லீவு முடிந்து கிளம்புகிறார். அவர் கையில் இதையும், நெம்மேலியில் வாங்கிய வஞ்சிரக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை முழுசாகப் படித்த பிறகுதான் கருவாடு.

போன மாதம் என் குப்பை வண்டி தீப்பிடித்தது. பதறாதீர்கள். இடது உள்ளங்கையில் மட்டும் சுட்டுவிட்டது. குன்றத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், இப்போது புதுத் தோல் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று கவியாவிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான், அவளைத் திட்டாதீர்கள்.

மூன்றாவது தெருவில் வாங்கிய ஒரு குப்பைப் பையை வண்டியில் போட்டு அமுக்கினேன். ‘சுர்’ரென்று சத்தம், உடனே வெள்ளைப் புகை. பையை இழுத்து ரோட்டில் போட்டேன். கூட வந்த லோகநாயகி அக்கா மண்ணை வாரிக் கொட்டினார். அதற்குள் வண்டியின் பின்பக்கம் கருகிவிட்டது. மேஸ்திரி ஹரிகிருஷ்ணன் வந்தார். நான்தான் குப்பையைக் கொளுத்தினேன் என்று அவராகவே முடிவு செய்து, “நாளையிலிருந்து வராதே” என்றார். ஒன்பது வருஷமாகக் குப்பை அள்ளுகிறேன், ஒரு தீக்குச்சி உரசியதில்லை. அன்று சோறு இறங்கவில்லை. உங்களுக்குப் போன் போட்டு, ‘சாப்பிட்டீங்களா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விடிந்ததும் போய் அந்த மண்ணைக் கிளறினேன். குழந்தை நாப்கினுக்குள் சுருட்டிப் போட்ட பவர் பேங்க் ஒன்று, உப்பி, பாதி வெந்து கிடந்தது. அக்காவிடம் காட்டினேன். “இத்தத் தூக்கிப் போட்டவன் வூட்ல ஜாலியா டிவி பாத்துகினு கீறான், உனக்கு வேலை போச்சா?” என்று கொதித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு, ஊர்க் குப்பையில் இருந்து தீர்ந்துபோன பேட்டரி செல்லை மட்டும் பொறுக்கிக் கோணியில் சேர்த்தார். கடிகாரச் செல், ரிமோட் செல், பொட்டு அளவு பட்டன் செல். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

திங்கட்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் மனு வாங்கும் நாள். அதிகாரி முன்னால் கோணியைக் கவிழ்த்தேன். செல்லெல்லாம் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு ஓடின, ஹரிகிருஷ்ணன் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார். வெந்த பவர் பேங்கை மேஜைமேல் வைத்தேன்.

“சார், இதெல்லாம் நான் பெத்ததா? ஊரு வூட்ல இருந்து வந்தது. எரிஞ்சா என் கை வேவுது. எரியாததைக் கொண்டுபோய் ஏரிக்கரையில கொட்றோம். மழை பேஞ்சா உள்ள கீற விஷம் எங்க எறங்கும்? அந்த ஏரித் தண்ணிதான எல்லார் போர்லயும் ஊறுது? உங்க வூட்டு போர்லயும்தான் சார்” என்றேன்.

அதிகாரி பவர் பேங்கைப் பார்த்தார். பிறகு ஹரிகிருஷ்ணனைப் பார்த்தார். அவர் குனிந்து மறுபடி செல்லைப் பொறுக்கினார். மறுநாளே என்னை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது செல்லுக்கென்றே சிவப்பு டிரம் வந்திருக்கிறது. நிறைந்ததும் மறுசுழற்சி கம்பெனி வண்டி வந்து எடுத்துப்போகும். உள்ளே இருக்கும் உலோகத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவார்களாம். உப்பிப்போன போன் பேட்டரிகளை மட்டும் டிரம்மில் போடாமல் மணல் வாளியில் வைக்கிறோம். அந்த வாளி என் யோசனை.

பள்ளிக்கூடத்திலும் பேசச் சொன்னார்கள். பேசினேன், கைதட்டினார்கள். வம்பு மறுநாள்தான் வந்தது. பிள்ளைகள் நன்றாக இருக்கிற செல்லையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்! சீரியல் நேரத்தில் ரிமோட் வேலை செய்யவில்லை என்று தாய்மார் என்னைத் தேடி வந்தார்கள். நம் கவியா சர்ச் கடிகாரத்தையே விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் நிமிர்ந்து நிமிர்ந்து மணி பார்த்துப் பிரசங்கம் செய்தார். பத்தேகாலைத் தாண்டவேயில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒன்றரை ஆகிவிட்டது.

பன்னீர்செல்வம் அண்ணன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்ய உங்கள் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்களாமே? நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. நானும் தீயைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் சண்டை போட எனக்கு வாய் இல்லை. கவியா என் தோளுயரம் வந்துவிட்டாள். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்றால் நீங்கள் வரவேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

கர்த்தர் உங்களை அங்கே பத்திரமாகக் காக்கட்டும். காத்தது போதும் என்று சீக்கிரம் என்னிடம் ஒப்படைக்கட்டும்.

இப்படிக்கு,
பொன்னி