ஜெராக்ஸ் கடை பென் டிரைவ்

பவ்யா அப்பாவுக்கு,

ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். காரக்குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடம் கொடுங்கள், பவ்யா பள்ளிவிட்டு வருவாள்.

வைரஸ் ஏறி முடங்கிய ஆபீஸ் லேப்டாப்பும் என்னோடு வருகிறது. யார் செய்தது என்று இன்று பெங்களூரில் கேட்பார்கள். ஆண்டர்சன்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவை நீங்கள் செருகினீர்கள் என்று நேற்று கத்தினேன். "இன்னா பண்றது, எம்பேரயே சொல்லிடு" என்றீர்கள்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. ஆன்டிவைரஸ் ஓடியிருந்தால் தடுத்திருக்கும். லேப்டாப் மெதுவாகிறது என்று போன மாதமே அதை நிறுத்திவைத்தது நான்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். உங்கள் பேரைச் சொன்னால், சாயங்காலம் இதே வீட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

ஷாலினி

குழம்பில் உப்பு கம்மி.