இனி போனில் பேச வேண்டாம்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி? நான் நலம், இன்னும் ஒரு சுற்று பெருத்துவிட்டேன்.

ஒரு வெட்கக்கேடு. உங்களை "என் ராசா" என்று நான் போனில் கொஞ்சியதையெல்லாம் எவனோ ஓர் அதிகாரி கேட்டிருக்கிறான். நான் சமைத்துப்போடும் நிருபர் அம்மா, அரசாங்கம் ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்பதைப் பத்திரிகையில் எழுதினார். அதனால் இந்த வீட்டுப் போன்களிலும் காது வைத்துவிட்டார்கள்.

"பாவம்மா அவன், என் கொஞ்சலைக் கேட்டு என்ன ஆனானோ!" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. அவருக்குத் தகவல் சொன்ன அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாவைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

"அவருக்கு நான் ஒரே ஒரு தடவை போன் பண்ணினேன்க்கா, அதுல மாட்டிக்கிட்டார். இனிமே எழுதி என்ன ஆகப்போகுது?" என்றார்.

அம்மா இப்போது எழுதுவதே இல்லை.

அரசாங்கத்தைத் திட்டாமல் உங்களுக்குச் சோறு இறங்காது. அதனால் இனி போன் வேண்டாம். உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்புங்கள்.

அடுப்பில் வேலை கிடக்கிறது, முடிக்கிறேன். காலையில் வக்கீல் வந்து, குமாஸ்தாவுக்கு ஜாமீன் கிடைக்காது என்றார். அவர் பேசி முடிக்கும்வரை எவனும் ஒட்டுக்கேட்காதபடி, வழக்கம்போல் எங்கள் போன்களைப் பெரிய பானையில் போட்டு மூடிவைத்திருந்தோம். அவர் போனதும் நான் உள்ளே பார்க்காமல் தண்ணீர் ஊற்றி உலை வைத்துவிட்டேன். இரண்டு போனும் வெந்துவிட்டன.