கலைமதி விலகவில்லை

அன்பு மகன் நிலவழகனுக்கு அம்மா எழுதுவது. திருவரங்குளத்து ஈசன் புண்ணியத்தில் நான், கலைமதி, பேத்தி ஹரிணி மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம், தோகா வெயிலில் உன் உடம்பு என்ன பாடுபடுகிறதோ என்பதுதான் எங்களுக்குக் கவலை. போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான். இதை ஹரிணி படம் பிடித்து அனுப்புவாள், கடைசி வரை படி.

சேர்மன் தேர்தலில் உன் மனைவி தோற்றுவிட்டாள் என்று யாரோ உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நீயும் அவளைக் கூப்பிட்டு, "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை, ஹரிணிதான் சொன்னாள். தோற்றது உண்மைதான் தம்பி. ஆனால் அங்கே நடந்தது அது மட்டும் இல்லை.

போன தடவை மெம்பராக இருந்தபோதே பேரூராட்சிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் கலைமதி எழுந்து, கீழத்தெருவுக்கும் அதற்கு அங்கிட்டு இருக்கும் காலனிக்கும் காவிரித் தண்ணீர் ஏன் ஒழுங்காக வருவதில்லை என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். சேர்மன் அறிவுச்செல்வன் அண்ணன் ஒவ்வொரு தடவையும் "பாப்போம்மா" என்பார், அதோடு சரி. அவர் கெட்டவர் இல்லை, எதிர்த்துக் கேட்க ஆளே இல்லாமல் பழகிப்போனவர். இந்தத் தடவையும் மெம்பர்கள் எல்லாரும் கைதட்டி அவரையே போட்டியில்லாமல் உட்கார வைப்பார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. இவள்தான் நான் நிற்கிறேன் என்றாள். காலனி மெம்பர் முத்துமாரியம்மாள், சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டே ஜெயித்து வந்தவர், அவர்தான் இவள் பெயரை முன்மொழிய ஒப்புக்கொண்டார். மொத்தம் பதினைந்து மெம்பர்களில் இவளையும் சேர்த்து எட்டு ஓட்டு உறுதி என்று சொன்னார்கள்.

ஓட்டெடுப்புக்கு முதல் நாள் அறிவுச்செல்வன் அண்ணனே நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா காரியத்துக்குப் பந்தல் போட்டதிலிருந்து கடைசிவரை நின்று பார்த்த மனிதர், அவருக்கு நேராக எனக்கு முகம் கொடுத்துப் பேசவே கூச்சமாக இருந்தது. காபியைக் குடித்துவிட்டு, "கலைமதி விலகிக்கிரட்டும் தங்கச்சி, வைஸ் சேர்மனா அவளையே போட்டுருவோம். நீ சொன்னா கேப்பா" என்றார். கலைமதி அடுப்படியில்தான் நின்றாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். நீயும் அவளை விலகச் சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "அண்ணே, ஜனங்க ஓட்டுப் போட்டது அவளுக்கு, எனக்கு இல்ல. அவகிட்டயே கேளுங்க" என்றேன். அவள் வெளியே வந்து, "மாமா, ஒங்க மேல எனக்கு மரியாதை இருக்கு, ஆனா விலக மாட்டேன்" என்று நிதானமாகச் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் நானும் கூடவே போய்ப் பேரூராட்சி ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எட்டு என்று நம்பியது ஏழாகிவிட்டது, அவருக்கு எட்டு. பட்டாசு வெடித்தார்கள். உள்ளே கலைமதிதான் முதல் ஆளாக எழுந்துபோய் அவருக்கு வாழ்த்துச் சொன்னாளாம்.

மதியம் வைஸ் சேர்மன் தேர்தல். அவர்கள் பக்கம் சேர்மனுடைய மச்சானையே நிறுத்தினார்கள், அது அவர்கள் ஆட்களுக்கே பிடிக்கவில்லை. இவளுக்கு ஓட்டுப் போட்ட மற்ற ஆறு பேரும் நீ நில் என்று இவளைத்தான் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இவளோ எழுந்து முத்துமாரியம்மாள் பெயரைச் சொல்லிவிட்டாள். சீட்டைப் பிரித்து எண்ணினால் முத்துமாரியம்மாளுக்கு எட்டு! அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் மனசு மாறியிருக்கிறார். முத்துமாரியம்மாள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், காலனியே திரண்டு வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், கைக்கு வந்ததை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "பதவிதான் வேணும்னா நேத்து அவரு கேட்டப்பவே சரின்னிருப்பேன் அத்தை. அந்தக்காவ அங்க ஒக்கார வச்சாத்தான் காலனித் தண்ணிய யாரும் தள்ளிப்போட முடியாது" என்றாள். நான் பெற்ற பிள்ளை நீ, ஆனால் அன்றைக்கு அவளைப் பெற்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அவள் சொன்னது போலவே ஆயிற்று. முதல் கூட்டத்தில் தண்ணீர்தான் முதல் பேச்சு, சேர்மனும் மறுபேச்சு பேசாமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். இப்போது கீழத்தெருவில் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள், தெருவில் வண்டி போக வழியில்லை, அதற்கும் ஜனங்கள் இவளைத்தான் திட்டுகிறார்கள், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்விட்டது, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, அது ஒன்றுதான் எனக்குக் குறை. ஹரிணி கணக்கில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள், டியூஷன் சேர்த்துவிட்டேன். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ ஓவர்டைம் பார்க்கிறேன் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

நீயும் உன் பெண்டு பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கலைமதியைக் கூப்பிட்டு நல்லதாக நாலு வார்த்தை பேசு. ராத்திரி சாப்பாட்டு நேரம் கழித்துக் கூப்பிடு, அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் ஜனங்கள் அவளை விடமாட்டார்கள்.

இப்படிக்கு
உன்னையும் உன் மனைவியையும் நினைத்துப் பெருமைப்படும் அம்மா
சொர்ணவல்லி