மிளகு ஏணி

அரியூர் நாடு,
12.2.1999

அன்புள்ள மாமாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய மூன்று போட்டோக்களும் வந்து சேர்ந்தன. ஒன்று கடற்கரை, ஒன்று பறவைப் பூங்கா, இன்னொன்று யாரோ நண்பரின் கல்யாண விருந்து. பக்கத்து வீட்டுக் கண்ணாயி அக்கா பார்த்துவிட்டு, "உம்பட ஊட்டுக்காரரு ராசாவாட்டம் ஊரு சுத்தறாரு" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

பாப்பாதான் மூன்றையும் தரையில் பரப்பி, "அப்பாவோட சோத்துக்கை எங்கம்மா?" என்று கேட்டாள். கடற்கரையில் அது பேண்ட் பைக்குள் இருக்கிறது. பூங்காவில் முதுகுக்குப் பின்னால். விருந்தில் மேசைக்கு அடியில். ஸ்பூன் இடது கையில் இருக்கிறது.

"அங்க குளுரு கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்குப் பிறகு வந்த கடிதம் எதிலும் உங்கள் கையெழுத்து இல்லை. வேலை அதிகம், அதனால் நண்பரை எழுதச் சொன்னேன் என்கிறீர்கள். ஊர் சுற்ற மட்டும் நேரம் இருக்கிறதா மாமா? இன்னும் இரண்டு வருடம் வர முடியாது என்பதையும் அவர்தான் எழுதியிருக்கிறார்.

நான் எதையும் கேட்கப் போவதில்லை. இனிமேல் போட்டோ அனுப்பாதீர்கள். வந்துவிடுங்கள்.

மரத்துக் கொடிகளில் மிளகு பழுத்துவிட்டது. எப்போதும் நீங்கள் மரம் ஏறுவீர்கள், நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். இந்த வருடம் நான் ஏறுகிறேன். பொம்பளை மரம் ஏறினால் ஊர் பேசும், பேசட்டும்.

கீழே நின்று ஏணியைப் பிடிக்க இடது கை போதும்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா